ஏரிக்கரை ஸ்டேக்ஹவுஸுக்கு முதல் முறை போகிறீர்களா?

கேள்வி இது: "சியாட்டிலுக்குக் குடிவந்து ஒரு வருடம் ஆகிறது. கல்யாண நாளுக்கு, ஏரியைப் பார்த்தபடி இருக்கும் பெரிய ஸ்டேக்ஹவுஸ் ஒன்றில் சாப்பிடலாம் என்று இருக்கிறோம். நான் மாட்டுக்கறி சாப்பிடுவேன், ஆனால் ஸ்டேக் சாப்பிட்டதில்லை. மனைவி சுத்த சைவம். மெனுவைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. எங்கே போவது, என்ன ஆர்டர் செய்வது, எவ்வளவு ஆகும், அந்தக் காசுக்குத் தகுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தகும், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அங்கே நீங்கள் காசு கொடுப்பது இரண்டு சரக்குக்கு. ஒன்று தட்டில் இருக்கும் ஸ்டேக், அதாவது தடித்த துண்டாக நெருப்பில் வாட்டிய மாட்டுக்கறி. இன்னொன்று ஜன்னலுக்கு வெளியே இருக்கும் ஏரி. இரண்டும் சேர்ந்து ஒரே பில்லில் வரும். இருட்டிய பிறகு போய், சமையலறைக் கதவுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தால் ஏரிக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு ஏரியைப் பார்க்காமல் வருவீர்கள். அதே தரத்து இறைச்சி ஊருக்குள் காட்சி எதுவும் இல்லாத கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அதனால் எப்போது போவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், மெனு அப்புறம்.

சியாட்டிலில் ஏரிக்கரை என்றால் லேக் யூனியன் அல்லது லேக் வாஷிங்டன். 1916-ல் கால்வாய் வெட்டி இரண்டையும் இணைத்தார்கள். அப்போது லேக் வாஷிங்டனின் நீர்மட்டம் சுமார் 9 அடி இறங்கியது. இணைத்துவிட்டார்களே தவிர, இரண்டின் அழகும் வேறு வேறு. டேனியல்ஸ் ப்ராய்லர் என்ற உள்ளூர் ஸ்டேக்ஹவுஸுக்கு இரண்டு ஏரிகளின் கரையிலும் கிளை உண்டு, லேக் யூனியனின் தென்கரையில் ஒன்று, லேக் வாஷிங்டனில் லெஷை படகுத்துறையில் ஒன்று. எனவே அதையே உதாரணமாக வைத்துக்கொள்ளலாம். நான் சொல்வது இந்த ஊரில் கரையோரம் இருக்கும் எந்தப் பெரிய உணவகத்துக்கும் பொருந்தும்.

லேக் யூனியன் நகரத்தின் நடுவே இருக்கிற, ஓயாமல் வேலை நடக்கிற ஏரி. கென்மோர் ஏர் கம்பெனியின் கடல்விமானங்கள் தண்ணீரிலிருந்தே ஏறும், தண்ணீரிலேயே இறங்கும். கரையோரம் படகுவீடுகள். வடக்கே எதிர்க்கரையில் கேஸ் வொர்க்ஸ் பூங்காவின் துருப்பிடித்த கோபுரங்கள்; 1906 முதல் 1956 வரை அங்கே எரிவாயு ஆலை ஓடியது, 1975-ல் அதைப் பூங்காவாகத் திறந்தார்கள். கோடையில் செவ்வாய்க்கிழமை மாலைகளில் டக் டாட்ஜ் என்ற பாய்மரப் படகுப் பந்தயம் நடக்கும். 1974-ல் தொடங்கியது. பந்தயம் என்று பெயர்தான், பாதிப் பேர் கொண்டாடத்தான் வருகிறார்கள். ஏரி முழுக்க பாய்களாக நிற்கும். கோடையில் போவதாக இருந்தால், கல்யாண நாள் சனிக்கிழமை வந்தாலும் அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமையே போய்விடுங்கள். கூட்டமும் குறைவு, காட்சியும் அதிகம்.

லெஷையில் விஷயம் தலைகீழ். அது லேக் வாஷிங்டனின் மேற்குக் கரை, கிழக்கு பார்த்த இடம். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் மறையும். "சூரிய அஸ்தமனம் பார்க்கலாம் என்று வந்தோம்" என்று அங்கே ஏமாந்து உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. ஆனால் மாலை வெயில் எதிர்க்கரையில் பெல்வியூவின் கண்ணாடிக் கட்டடங்களில் பட்டுத் திரும்புவது அழகு. தெளிந்த நாளில் அவற்றுக்குப் பின்னால் காஸ்கேட் மலைத்தொடர் இளஞ்சிவப்பாகும். அதைவிடப் பெரிய விஷயம், கிழக்கு பார்த்த ஏரிக்கரையில் பௌர்ணமி நிலா தண்ணீருக்கு மேலே எழும்பும், அதுவும் ஏறக்குறைய சூரியன் மறைகிற நேரத்தில். வீட்டு நாட்காட்டியில் பௌர்ணமி பார்த்து மேசைக்கு முன்பதிவு செய்து வையுங்கள். இந்த உணவகங்களின் விளம்பரம் எதிலும் இதை நான் பார்த்ததில்லை. தண்ணீரின் மேல் சூரியன் இறங்குவதைத்தான் பார்க்க வேண்டும் என்றால் எதிர்க்கரையில் கிர்க்லேண்டுக்குப் போங்கள், அது மேற்கு பார்த்த ஊர்.

இங்கே ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு 9.10 ஆகும். டிசம்பரில் 4.20-க்கே மறைந்துவிடும். மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் உட்கார்கிற மாதிரி மேசை எடுங்கள். வெளிச்சத்தில் வந்து, நிறம் மாறுவதைப் பார்த்து, விளக்குகள் தண்ணீரில் விழும்போது சாப்பாட்டை முடிப்பது சரியான கணக்கு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏழு மணிக்கு மேசை எடுத்தால் ஜன்னல் கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும். விதிவிலக்கு டிசம்பர்: விளக்கு அலங்காரத்தோடு, பாடகர் குழுவை ஏற்றிக்கொண்டு கிறிஸ்துமஸ் கப்பல்கள் இந்த ஏரிகளைச் சுற்றிவரும் பழக்கம் இருக்கிறது. அந்த நாட்கள் பார்த்துப் போகலாம்.

மேசையை ஆன்லைனில் எடுத்தாலும், அப்புறம் ஒரு முறை போனில் கூப்பிடுங்கள். மதியம் மூன்று மணி வாக்கில் கூப்பிட்டால் நிதானமாகப் பேசுவார்கள். மூன்று விஷயம் சொல்ல வேண்டும். கல்யாண நாள் என்பது ஒன்று. ஜன்னலோர மேசை வேண்டும் என்பது இன்னொன்று. உறுதி தரமாட்டார்கள், குறித்துக்கொள்வார்கள், அது போதும். மூன்றாவது உங்கள் மனைவி சைவம் என்பது. முக்கியமானது அதுதான், அதைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும்.

ஸ்டேக்ஹவுஸில் சைவச் சாப்பாடு என்றால் பெரும்பாலும் சைட் டிஷ்களைச் சேர்த்துக் கட்டிய தட்டுதான். மெனுவில் காய்கறி என்று போட்டிருப்பதெல்லாம் சைவம் என்று நம்பிவிடாதீர்கள். வெங்காய சூப் மாட்டெலும்பு ரசத்தில் செய்தது. சீசர் சாலட்டின் டிரெஸ்ஸிங்கில் நெத்திலி வகை மீன் அரைத்திருக்கும். வூஸ்டர்ஷயர் சாஸிலும் அதே மீன், அந்த சாஸ் எதில் எல்லாம் விழும் என்று சமையல்காரருக்குத்தான் தெரியும். வெட்ஜ் சாலட்டிலும் பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்டிலும் பன்றி பேக்கன் தூவியிருக்கும். வதக்கிய காளானைக் கேட்டே வாங்குங்கள், இறைச்சி ரசம் ஊற்றி வதக்குகிற கடைகள் உண்டு. ஃபிரெஞ்ச் ஃபிரைஸை மாட்டுக்கொழுப்பில் பொரிப்பதைப் பெருமையாகவே எழுதிப்போடுகிறார்கள் சிலர். எழுதாமல் பொரிப்பவர்களும் இருக்கிறார்கள். அஸ்பராகஸ் என்ற பச்சைத் தண்டுக் காயின் மேல் ஊற்றும் ஹாலண்டேஸ் சாஸில் முட்டை மஞ்சள்கரு. சில பாலாடைக்கட்டிகளில் பாலைத் திரியவைக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் இருக்கும். மனைவி அவ்வளவு தூரம் பார்ப்பவர் என்றால் அதையும் கேட்க வேண்டும்.

இன்னொன்று. இங்கே சமையலறையில் வெஜிடேரியன் என்றால் முட்டை உண்டு என்றுதான் அர்த்தம். உங்கள் வீட்டில் முட்டையும் கிடையாது என்றால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். காய்கறியை ஸ்டேக் சுடும் அதே கிரில்லில் போடாமல் தனிச் சட்டியில் செய்து தரச் சொல்வதும் நியாயமான வேண்டுகோள்தான். அன்றைக்கு மேசையில் வந்து சொன்னால் பரபரப்பில் ஒரு உருளைக்கிழங்கும் நாலு அஸ்பராகஸும் வரும். இரண்டு நாள் முன்னால் சொன்னால் நல்ல ஷெஃப் ஒருவர் காளான், ரிசோட்டோ என்ற இத்தாலியச் சோறு என்று முறையாக ஒரு தட்டு செய்து வைப்பார். அவருக்கும் தினம் ஸ்டேக் சுட்டு அலுத்திருக்கும்.

மனைவியிடம் ஒரு விஷயத்தை வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். ஸ்டேக்ஹவுஸில் கொழுப்பு எரியும் வாசனை கூடம் முழுக்க இருக்கும், எதிர்த் தட்டில் வெட்டும்போது உள்ளே சிவப்பாகத் தெரியும். அது அவருக்குச் சிரமம் என்றால், கல்யாண நாளில் அந்தச் சோதனை வேண்டாம். அதே ஏரிக்கரைகளில் வேறு வகை உணவகங்கள் இருக்கின்றன. ஸ்டேக்கை நீங்கள் இன்னொரு நாள் நண்பர்களோடு போய்ச் சாப்பிடலாம்.

சரி, இப்போது உங்கள் தட்டுக்கு வருவோம்.

மெனுவில் தலை சுற்றவைக்கும் பெயர்களில் பாதி விளம்பரம். அமெரிக்க விவசாயத் துறையின் தர முத்திரையில் நீங்கள் சில்லறைக் கடையிலும் உணவகத்திலும் பார்ப்பவை பிரைம், சாய்ஸ், செலக்ட் என்ற மூன்றுதான். தசைக்குள் வெள்ளை நூலாக ஓடும் கொழுப்பும் மாட்டின் முதிர்ச்சியும்தான் அளவுகோல். உயர்ந்தது பிரைம். இங்கே இரண்டு பொறிகள். ஆங்கஸ் என்பது மாட்டின் இனம், தரம் அல்ல. பிரைம் ரிப் என்பது விலாப்பகுதியை அப்படியே பெரிய துண்டாக அடுப்பில் வாட்டி அரிந்து தருவது. அதில் வரும் பிரைம் என்ற சொல்லுக்கும் தர முத்திரைக்கும் சம்பந்தமில்லை, சாய்ஸ் இறைச்சியிலும் பிரைம் ரிப் செய்யலாம். இவ்வளவு விலை கொடுக்கும்போது "எல்லா ஸ்டேக்கும் பிரைம் தரமா?" என்று சர்வரிடம் கேளுங்கள். அவர் தயங்காமல் பதில் சொல்ல வேண்டும்.

துண்டுகளில் உங்களுக்குத் தெரிய வேண்டியவை மூன்று. ஃபிலே மின்யோன் முதுகெலும்பை ஒட்டி உட்புறமாக இருக்கும், மாடு அதிகம் வேலை வாங்காத தசை. வெண்ணெய் மாதிரி வெட்டும், ஆனால் ருசி மெலிது. முதல் முறை வருபவர்களுக்கு அதைத்தான் சிபாரிசு செய்வார்கள், விலையும் அதற்குத்தான் அதிகம். நான் செய்யமாட்டேன். நம் நாக்கு கறியின் ருசிக்குப் பழகியது, மென்மைக்கு மட்டும் மயங்காது. நியூயார்க் ஸ்ட்ரிப் நடுத்தரம்: மெல்ல வேண்டியிருக்கும், ருசி அழுத்தமாக இருக்கும், ஓரத்தில் ஒரு கொழுப்புப் பட்டை. ரிப்ஐ விலாப்பகுதியிலிருந்து வருவது, கொழுப்பு அதிகம், ருசியும் அதிகம். என் ஓட்டு அதற்கு.

ரிப்ஐ வந்ததும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நடுவில் வட்டமான பெரிய தசை, அதற்கும் வெளி ஓரத்துக்கும் நடுவே ஒரு கொழுப்புக் கட்டி, அதற்கு வெளியே பிறைபோல் வளைந்து நிற்கும் இன்னொரு தசை. அந்தப் பிறைக்கு ரிப்ஐ கேப் என்று பெயர். முழு மாட்டிலும் அதுதான் சிறந்த துண்டு என்று சொல்கிற கறிக்கடைக்காரர்கள் நிறைய. நடுவை முதலில் சாப்பிட்டுவிட்டு, பிறையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெட்டும்போது நார் ஓடும் திசைக்குக் குறுக்கே வெட்டுங்கள், நீளவாக்கில் வெட்டினால் எவ்வளவு நல்ல கறியும் இழுக்கும். கொழுப்புக் கட்டியைச் சாப்பிட வேண்டியதில்லை. அது தன் வேலையை அடுப்பிலேயே முடித்துவிட்டது.

டீபோன், போர்ட்டர்ஹவுஸ் இரண்டும் ஒரே எலும்பின் இரு பக்கம் ஸ்ட்ரிப்பும் ஃபிலேயும் ஒட்டிய துண்டுகள். ஃபிலே பக்கம் குறைந்தது ஒன்றேகால் அங்குல அகலம் இருந்தால்தான் போர்ட்டர்ஹவுஸ் என்று சொல்லலாம், டீபோனுக்கு அரை அங்குலம் போதும். இரண்டு பேர் பகிர்ந்து சாப்பிடும் துண்டு அது, உங்கள் மேசைக்கு உதவாது. டோமஹாக் என்று கோடரி போல நீண்ட எலும்போடு வருவது ரிப்ஐதான். எலும்பையும் சேர்த்துத்தான் எடை, எடைக்குத்தான் விலை. போட்டோவுக்கு நன்றாக இருக்கும்.

ஜப்பானின் ஏ5 வாக்யூ, அதாவது கொழுப்பு மிகுந்த உயர்தர மாட்டிறைச்சி, அதன் பக்கம் முதல் முறை போகவே வேண்டாம். மூன்று நான்கு அவுன்ஸுக்கே (ஒரு அவுன்ஸ் சுமார் 28 கிராம்) ஒரு முழு ஸ்டேக்கின் விலை கேட்பார்கள். அவ்வளவு கொழுப்பை ஒரு முழுத் தட்டாகச் சாப்பிடவும் முடியாது. அமெரிக்கன் வாக்யூ என்பது பெரும்பாலும் அந்த இனத்தை ஆங்கஸோடு கலந்தது. டிரை ஏஜ்டு என்று எழுதியிருந்தால் மட்டும் நின்று யோசியுங்கள். உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில், காற்று படும்படி, நான்கு வாரம் அல்லது அதற்கு மேல் இறைச்சியைத் தொங்கவிடுவார்கள். தசையிலுள்ள நொதிகளே நாரைத் தளர்த்தும், ஈரம் வற்றி ருசி செறியும், காய்ந்த மேற்பகுதியைச் சீவி எறிவார்கள். எடை இழப்பும் காத்திருப்பும்தான் விலையை ஏற்றுகின்றன. வாசனையில் முந்திரி வறுத்தது போல ஒன்றும், பழைய பாலாடைக்கட்டி போல ஒன்றும் இருக்கும். பிடித்தவர்களுக்கு உயிர், பிடிக்காதவர்களுக்குக் கெட்டுப்போன கறி. இரண்டாவது முறை பாருங்கள்.

இனி எல்லோரும் தடுக்கி விழும் இடம். "எப்படி வேகவைக்க வேண்டும்?" என்று சர்வர் கேட்பார். நம்மவர்களின் பதில் பெரும்பாலும் "வெல் டன்", அதாவது முழுக்க வெந்தது. சிவப்பு வேண்டாம், பச்சையாக இருக்கக்கூடாது என்ற பயம். அந்தப் பயத்துக்கு நம் சமையலில் காரணம் இருக்கிறது. சுக்காவுக்கும் குழம்புக்கும் நாம் வாங்குவது முன்சப்பையும் தொடையும், மாடோ ஆடோ நடந்து நடந்து உழைத்த தசைகள். அவற்றில் கொலாஜன் என்ற இணைப்புத்திசு நிறைய. ஈரத்தில் மணிக்கணக்காக வெந்தால்தான் அது கரைந்து குழகுழப்பாகும், அதனால் வேக வேக கறி மிருதுவாகும். ஸ்டேக்குக்கு எடுப்பது உழைக்காத தசை. கரைய அதில் கொலாஜன் அதிகம் இல்லை. அதை வேகவைக்க வேகவைக்க நார் சுருங்கி சாறு வெளியே போகும், அவ்வளவுதான். குழம்பை அடுப்பில் கூடுதலாக அரை மணி நேரம் விட்டால் ருசி ஏறும். ஸ்டேக்கை இரண்டு நிமிடம் கூடுதலாக விட்டால் தொண்ணூறு டாலர் போச்சு.

தட்டில் வழியும் சிவப்பு ரத்தம் அல்ல. ரத்தம் அறுக்கும்போதே வடிந்துவிடும். அது தசையிலிருக்கும் மையோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர். பாதுகாப்பைப் பொறுத்தவரை, முழுத்துண்டு இறைச்சியில் கிருமிகள் இருப்பது மேற்பரப்பில், அது கொதிநெருப்பில் பொசுங்கிவிடுகிறது. அரைத்த இறைச்சியில் மேற்பரப்பு உள்ளே கலந்துவிடுவதால்தான் பர்கருக்கு உட்புறச் சூடு 160 டிகிரி ஃபாரன்ஹீட் வேண்டும் என்கிறார்கள். முழு ஸ்டேக்குக்கு அரசுப் பரிந்துரை 145 டிகிரியும் பிறகு மூன்று நிமிட ஓய்வும். மீடியம் ரேர் என்பது 130 முதல் 135, அதாவது பரிந்துரைக்குக் கொஞ்சம் கீழே. பெரும்பாலான ஸ்டேக் பிரியர்கள் சாப்பிடுவது அதுதான். கர்ப்பிணிகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் 145-க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது.

உங்களுக்கு நான் சொல்வது மீடியம், 140-ஐ ஒட்டி. ரிப்ஐயில் அது சமரசமும் அல்ல, உள்ளே இருக்கும் கொழுப்பு இளகுவதற்கு அந்தச் சூடு தேவை. மீடியம் ரேரில் சில கொழுப்புக் கட்டிகள் மெழுகு போல அப்படியே நிற்கும். நடுவில் இளஞ்சிவப்பாக, வெதுவெதுப்பாக இருக்கும். வந்ததும் சர்வர் நடுவில் ஒரு வெட்டு வெட்டிப் பார்க்கச் சொல்வார். கூச்சப்படாமல் வெட்டிப் பாருங்கள், அதற்காகத்தான் அவர் அங்கேயே நிற்கிறார். குறைவாக வெந்திருந்தால் திரும்ப அடுப்புக்குப் போய் வரும். அதிகமாக வெந்துவிட்டால் திருத்த வழியே இல்லை, புதிதாகத்தான் செய்ய வேண்டும். எனவே இரண்டுக்கும் நடுவில் தடுமாறினால் கீழ்ப்படியை, அதாவது குறைவாக வேகவைப்பதைச் சொல்லுங்கள்.

வீட்டு அடுப்பில் வராத ஒன்று இங்கே கிடைக்கும், அது மேலோடு. ரூத்ஸ் கிறிஸ் போன்ற ஸ்டேக்ஹவுஸ்களில் ப்ராய்லர், அதாவது மேலிருந்து நெருப்பு இறங்கும் அடுப்பு, 1,800 டிகிரி ஃபாரன்ஹீட் என்று சொல்லிக்கொள்கிறார்கள். மேலிருந்து அந்தச் சூடு இறங்கும்போது வெளிப்புறம் சில நிமிடத்தில் கரும்பழுப்பாக முறுகிவிடும், உள்ளே சூடு பரவுவதற்குள் எடுத்துவிடலாம். மசாலா உப்பும் மிளகும்தான். முதல் இரண்டு வாய் சாஸ் எதுவும் தொடாமல் சாப்பிடுங்கள். காரம் இல்லாமல் முடியாது என்றால் மிளகு சாஸைத் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள், குதிரைமுள்ளங்கி (ஹார்ஸ்ரேடிஷ்) துருவலும் மூக்கில் ஏறும். ஊறுகாய் பாட்டிலை மட்டும் பையில் கொண்டுபோகாதீர்கள். போனவர்களை எனக்குத் தெரியும்.

இப்படிப்பட்ட கடைகள் பலவற்றில் ஸ்டேக்கோடு எதுவும் வராது. தட்டில் ஸ்டேக் மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கும், மற்றதெல்லாம் தனி விலை. சைட் டிஷ்கள் இரண்டு மூன்று பேருக்குப் போதுகிற கிண்ணங்களில் வரும். உங்கள் இருவருக்கும் இரண்டு போதும், அவையும் மனைவியால் சாப்பிட முடிந்தவையாக இருக்கட்டும். பேக்கன் இல்லாத சுட்ட உருளைக்கிழங்கு ஒன்று, வதக்கிய பச்சைக் காய் ஒன்று. ரொட்டி வரும், அதிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்ளாதீர்கள். மெனுவில் இருக்கும் எடை சமைப்பதற்கு முந்தைய எடை. அப்படியும் 16 அவுன்ஸ் ரிப்ஐயை ஒரே ஆளாக முடிப்பது சுலபமில்லை.

குடிப்பவர் என்றால் இந்த மாநிலத்தின் கொலம்பியா பள்ளத்தாக்கின் காபர்னே என்ற சிவப்பு வைன் ஒரு கிளாஸ் போதும், ரிப்ஐயின் கொழுப்புக்கு அதன் துவர்ப்பு பொருந்தும். கார் ஓட்டுபவர் யார் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். குழந்தைகளைக் கூட்டிப்போவதானால் பார் பகுதியில் உட்காரவைக்க மாட்டார்கள், வாஷிங்டன் மாநில விதிப்படி அங்கே 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். உடை பற்றிக் கவலை வேண்டாம், சியாட்டிலில் நல்ல ஜீன்ஸும் சட்டையும் எங்கேயும் செல்லும். பட்டுப்புடவை கட்டினால் ஊரே திரும்பிப் பார்க்கும், கட்டுங்கள். வெளியே மேடையில் மேசை என்றால் ஜூலையிலும் ஒரு சால்வை வேண்டும், சூரியன் போனதும் தண்ணீர்க் காற்று குளிரும்.

செலவுக்கு ஒரு உத்தேசக் கணக்கு. ரிப்ஐ 90 டாலர், சைவத் தட்டு 40, இரண்டு சைட் டிஷ் 32, ஒரு இனிப்பு 16, ஒரு கிளாஸ் வைன் 20. மொத்தம் 198. இதன் மேல் 10 சதவீதத்துக்குச் சற்று அதிகமான விற்பனை வரி. டிப்ஸ் 18 முதல் 20 சதவீதம், வரிக்கு முந்தைய தொகைக்குத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். எல்லாம் சேர்த்து 255 முதல் 260 டாலர் வரும். ஊழியரே காரை நிறுத்தித் தரும் வேலே பார்க்கிங் தனி. டிப்ஸ் போடும் முன்னால் பில்லை ஒரு முறை மேலிருந்து கீழே படியுங்கள். இங்கே பல உணவகங்கள் 20 சதவீத சர்வீஸ் சார்ஜைத் தாங்களே சேர்த்துவிடுகின்றன. அதில் எத்தனை சதவீதம் ஊழியருக்குப் போகிறது என்று மெனுவிலும் ரசீதிலும் எழுத வேண்டும் என்பது வாஷிங்டன் சட்டம். முழுவதும் ஊழியருக்கு என்றிருந்தால் மேலே ஒன்றும் வைக்க வேண்டியதில்லை. கார்டு மெஷின் மறுபடியும் ஒரு தொகை கேட்கும், அதற்காகச் சங்கடப்பட வேண்டாம்.

இவ்வளவு செலவு இப்போது வேண்டாம் என்று தோன்றினால் பாருக்குப் போங்கள். இப்படிப்பட்ட கடைகள் பலவற்றில் மாலை தொடக்கத்தில் பார் பகுதியில் ஹேப்பி அவர் உண்டு. அதே சமையலறையின் பர்கரோ சின்ன ஸ்டேக் துண்டுகளோ பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும், ஜன்னல் அங்கேயும் ஏரியைத்தான் பார்க்கிறது.

மீந்த ஸ்டேக்கைக் கூச்சமில்லாமல் டப்பாவில் கட்டித் தரச் சொல்லுங்கள், எலும்போடு வாங்கியிருந்தால் எலும்பையும். மறுநாள் மைக்ரோவேவில் வைக்க வேண்டாம், தோலாகிவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் குளிராக இருக்கும்போதே நாருக்குக் குறுக்கே மெல்லிசாக அரிந்துகொள்ளுங்கள். சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, இடித்த மிளகு எல்லாம் நன்றாக வதங்கி முடிந்த பிறகு அடுப்பை அணைக்கப் போகும் கடைசி ஒரு நிமிடத்தில் கறியைப் போட்டுப் புரட்டி இறக்குங்கள். மனைவியின் சட்டியில் செய்யாதீர்கள்.